ஸ்பிட்டி பயண வீடியோவை வீட்டிலேயே எடிட் செய்ய எந்த மென்பொருள், எந்த கம்ப்யூட்டர்?

கேள்வி: குடும்பத்தோடு இமாச்சலின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு போய் வந்தோம். என் ஐபோன் 13, மகனின் கோப்ரோ, மனைவியின் ஆண்ட்ராய்டு போன் மூன்றிலும் சேர்த்து 210 ஜிபி வீடியோ இருக்கிறது. 2019-இல் வாங்கிய விண்டோஸ் லேப்டாப்: இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். எல்லோரும் சொல்கிறார்களே என்று டாவின்சி ரிசால்வ் போட்டுப் பார்த்தேன், திக்கித் திக்கி ஓடுகிறது. 80,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். எந்த மென்பொருள், எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?

பதில்:

80,000 ரூபாய் இப்போதைக்கு பேங்கிலேயே இருக்கட்டும். மென்பொருள், கம்ப்யூட்டர் என்று இரண்டைக் கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் இருப்பது மூன்றாவதாக ஒன்றில், நீங்கள் எடுத்துவந்த கோப்புகளில். அதைச் சரிசெய்யாமல் ஒன்றரை லட்சத்துக்கு மெஷின் வாங்கினாலும் இதே தொல்லை வேறு ரூபத்தில் வந்து நிற்கும்.

போனும் கோப்ரோவும் வீடியோவை ஹெச்.264 அல்லது ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. ஐபோனில் 'ஹை எஃபிஷியன்சி' என்று வருவது ஹெச்.265. இந்தச் சுருக்கத்தில் நொடிக்கு 30 படமும் முழுதாக இருக்காது. ஒரு முழுப் படம், பின்னால் வரிசையாக 'போன படத்திலிருந்து எது மாறியது' என்ற குறிப்புகள், மறுபடி ஒரு முழுப் படம். நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது சிக்கலே இல்லை. எடிட் செய்யும்போது நாம் அப்படிப் பார்ப்பதில்லையே. நடுவில் குதிக்கிறோம், பின்னால் இழுக்கிறோம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை 14-ஆம் வாரத்தில் எடுத்துப் படிப்பது மாதிரி, அதுவும் முன்கதைச் சுருக்கம் இல்லாமல். நீங்கள் நிறுத்திய அந்த ஒரு படத்தைக் காட்டுவதற்கு கம்ப்யூட்டர் பின்னால் போய், முழுப் படம் எங்கே என்று தேடி, அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மவுஸை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இதே வேலை.

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே பிராசஸருக்குள் தனிப் பகுதி இருக்கிறது. இன்டெல்லில் அதன் பெயர் குவிக் சிங்க். உங்கள் எட்டாம் தலைமுறை ஐ5-இலும் அது உண்டு, ஐபோனின் ஹெச்.265-ஐக்கூட விரித்துக் காட்டும். அதனால்தான் அதே கோப்பை வீடியோ பிளேயரில் போட்டால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் இந்த வசதியை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்குத்தான் அது. தவிர, ரிசால்வ் குறைந்தது 16 ஜிபி ரேமையும் தெம்பான கிராஃபிக்ஸ் கார்டையும் எதிர்பார்க்கும். லேப்டாப் மேலும் தப்பில்லை, ரிசால்வ் மேலும் தப்பில்லை. ஜாதகம்தான் பொருந்தவில்லை.

சரி, கோப்புகளில் வேறென்ன வில்லங்கம்? இரண்டு உண்டு, இரண்டும் போன் கேமராவால் வருபவை.

ஐபோன் 12-இலிருந்து ஹெச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் அதிக வீச்சில் பதியும் முறை, தானாகவே ஆனில் இருக்கும். போன் திரையில் அருமையாகத் தெரியும். அதை சாதாரண ப்ராஜெக்ட்டில் கொண்டுபோய்ப் போட்டால் சந்திரதால் ஏரி வெளிறிப்போயிருக்கும், இல்லையென்றால் பனி கண்ணைக் கூசும். கோப்ரோவில் எடுத்த அதே ஏரி பக்கத்தில் வந்ததும் இரண்டும் வேறு வேறு ஊர் போலிருக்கும். நிறம் திருத்துகிறேன் என்று இரவெல்லாம் உட்கார்ந்து கண் வலித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிறம் திருத்துகிற வேலையே அல்ல, கோப்பை மாற்ற வேண்டிய வேலை.

அடுத்தது, போன்கள் நொடிக்கு 30 படம் என்று சொல்லிக்கொண்டாலும் சீராக 30 எடுப்பதில்லை. முன்னே பின்னே ஓடும், வெளிச்சம் குறைந்தால் இன்னும் குறையும். எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் சீரான வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. கீ மடாலயத்துக்குள் ஐந்து நிமிடம் தொடர்ச்சியாக எடுத்திருப்பீர்கள். கிளிப்பின் தொடக்கத்தில் சரியாக இருக்கும், கடைசியில் பிட்சு வாயை மூடிய பிறகு குரல் வரும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் 'வேரியபிள்' என்று போட்டிருக்கும். அதுதான் ஆதாரம்.

இந்த இரண்டு காரணத்துக்காகவே உங்கள் லேப்டாப்புக்கு நான் சொல்லும் மென்பொருள் ஷாட்கட். இலவசம், திறந்த மூலம். பார்க்கப் பழைய வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும், ஆனால் வேலைக்காரன். வேகம் சீரில்லாத கோப்பையோ ஹெச்டிஆர் கோப்பையோ திறந்தால் அதுவே எச்சரித்து, 'எடிட் செய்ய வசதியான வடிவத்துக்கு மாற்றட்டுமா' என்று கேட்கும். நிறத்தைச் சாதாரண வீடியோவின் அளவுக்குக் கொண்டுவரும் தேர்வும் அங்கேயே இருக்கிறது. மூன்று தரம் காட்டும், நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு பல மடங்கு பெருக்கும், பயப்பட வேண்டாம். அந்த வடிவத்தில் ஒவ்வொரு படமும் முழுப் படமாக இருப்பதால்தான் பெருக்கிறது. லேப்டாப் நிம்மதியாக மூச்சு விடுவதும் அதனால்தான்.

கோப்ரோ கோப்புகளுக்கு இந்த மாற்றம் தேவையில்லை, அது சீராகத்தான் எடுக்கும். அங்கே 'ப்ராக்ஸி' போதும். ப்ராக்ஸி என்றால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகல். நீங்கள் வெட்டி ஒட்டுவது நகலை, கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாக அசலுக்குப் போய்விடும். ஷாட்கட், கேடென்லைவ், ரிசால்வ், பிரீமியர் எல்லாவற்றிலும் இது உண்டு. இரவு படுக்கப் போகும்முன் ப்ராக்ஸி போடச் சொல்லிவிட்டுப் போனால் காலையில் தயார். எட்டு வருடத்துக்கு முந்தைய லேப்டாப்பில் 4கே எடிட் செய்யும் ஆட்களின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் 210 ஜிபியையும் மாற்ற உட்காராதீர்கள். முதலில் கழியுங்கள். கோப்ரோ நொடிக்கு 100 மெகாபிட் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. உங்களிடம் ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். அதிலிருந்து வரப்போவது 20 நிமிடப் படம், நான் சொன்னால் 15. லாஸ்லெஸ்கட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. வீடியோவை மறுபடி சுருக்காமல் வேண்டிய துண்டை மட்டும் அப்படியே வெட்டி எடுக்கும், நொடிகளில் முடியும். துல்லியமாக நினைத்த இடத்தில் வெட்டாது, அருகிலுள்ள முழுப் படத்துக்கு நகர்ந்து வெட்டும். கழிப்பதற்கு அது போதும். ஒரு வார இறுதி இதற்கே போகட்டும். குன்சும் கணவாய் ஏறும்போது ஜன்னல் வழியாக எடுத்த நாற்பது நிமிடத்தில் பத்து விநாடி தேறினால் பெரிய விஷயம். கோப்ரோ நீளமான கிளிப்பைத் துண்டு துண்டாக உடைத்து வைத்திருக்கும். ஜிஎக்ஸ்010123-க்கு அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020123, 010124 அல்ல. இது தெரியாமல் பெயரை மாற்றிவிட்டால் அப்புறம் எது எதன் தொடர்ச்சி என்று மண்டை காயும்.

இனி லேப்டாப். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள், காலியாக ஒரு ரேம் ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் சர்வீஸ் கடையிலோ அரை மணி நேர வேலை. 2019 லேப்டாப்புகள் பலவற்றில் இரண்டுக்கும் இடம் இருக்கும், ஆனால் சில மெல்லிய மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெளியில் வைத்துக்கொள்ள 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றும் வேண்டும், யூஎஸ்பி 3 போர்ட்டில் போட. உங்கள் 210 ஜிபியை யூஎஸ்பி 2 வழியாக நகலெடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நல்ல எஸ்எஸ்டியில் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் பட்ஜெட்டில் ஒரு பங்கைத்தான் சாப்பிடும். இதை வைத்து ஸ்பிட்டி படத்தை முடித்துவிடுங்கள். முடித்த பிறகும் எடிட்டிங் பிடித்திருந்தால் புது மெஷின் வாங்கலாம். பலருக்கு முதல் படம்தான் கடைசிப் படம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிதாக வாங்குவது என்று முடிவெடுத்தால் உங்கள் வேலைக்கு என் முதல் தேர்வு மேக் மினி எம்4. 2024 நவம்பரில் 59,900 ரூபாய்க்கு வந்தது, 16 ஜிபி ரேமோடு. ஹெச்.265-ஐ விரிக்கும் பகுதி அதில் அசுரத்தனமானது. ரிசால்வின் இலவசப் பதிப்பு மேக்கில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும், விண்டோஸில் பட்ட பாடு அங்கே இல்லை. உள்ளே 256 ஜிபிதான் இருக்கும், கூடுதல் இடத்துக்கு ஆப்பிள் கேட்கும் விலை அநியாயம். நான் சொன்ன வெளி எஸ்எஸ்டியை இதிலும் மாட்டிக்கொள்ளலாம். மானிட்டர், கீபோர்ட், மவுஸ் நீங்கள்தான் போட வேண்டும், டிவியை மானிட்டராக வைத்துத் தொடங்கலாம். பேட்டரி கிடையாது என்பதால் கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் ஒரு யூபிஎஸ் செலவும் சேரும்.

விண்டோஸ்தான் பழகியது என்றால் 12-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, முடிந்தால் என்விடியா ஆர்டிஎக்ஸ் வரிசையில் ஒரு கிராஃபிக்ஸ். இங்கே ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யும்போது பிராசஸர் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 12400 வேறு, 12400எஃப் வேறு. எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதி இல்லை, கூடவே குவிக் சிங்க்கும் இல்லை. சில வருடம் முன்பு ஒரு கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல காசு கம்மி' என்று சொல்லி எனக்கு எஃப்-ஐக் கட்டிவிட்டார்கள். கேம் விளையாடுகிறவனுக்கு அது லாபமான பேரம். எனக்கு எடிட்டிங்கில் உதவ வேண்டிய கையை வெட்டியது மாதிரி ஆகிவிட்டது.

லேப்டாப் என்றால் திரையையும் கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் இருக்கும், திரை காட்டும் நிறங்களின் அளவு அது, நிறங்கள் சோகை பிடித்த மாதிரி தெரியும். அதை நம்பி நிறத்தை ஏற்றுவீர்கள், டிவியில் போட்டால் எல்லோர் முகமும் தக்காளியாக இருக்கும்.

மற்ற மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசால்வ் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒப்பில்லாதது, நிறத் திருத்தத்தில் சினிமாக்காரர்கள் பயன்படுத்துவதே அதுதான். ஆனால் ஒரு பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்ட்டை அது ஒரு கோப்பாக உங்கள் ஃபோல்டரில் வைப்பதில்லை, தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்கிறது. விண்டோஸை ஃபார்மேட் செய்தால் வீடியோ இருக்கும், எடிட் போய்விடும். வாரம் ஒருமுறை ப்ராஜெக்ட்டை வெளியே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கேடென்லைவ் ஷாட்கட்டின் ஒன்றுவிட்ட சகோதரன், இரண்டுக்கும் அடியில் ஓடும் இன்ஜின் ஒன்றே. பல அடுக்குகளில் வேலை செய்ய கேடென்லைவ் வசதி. பிரீமியர் புரோ மாதச் சந்தா, வருடத்துக்கு இரண்டு படம் எடுக்கிறவருக்குத் தேவையில்லை. விண்டோஸ் 11-உடன் வரும் கிளிப்சாம்ப் பிறந்தநாள் வீடியோவுக்கு ஓகே. மேக் வாங்கினால் ஐமூவி கூடவே வரும். இரண்டு வீடியோ அடுக்குக்கு மேல் கிடையாது, பயணப் படத்துக்கு அதுவே போதும். கேப்கட் இந்தியாவில் இல்லை. போனிலேயே முடிக்க விஎன், இன்ஷாட் இருக்கின்றன, ஆனால் மூன்று கேமரா, 20 நிமிடம் என்று வரும்போது விரல் நுனியில் வெட்டுவது தலைவலி.

தமிழில் டைட்டில் போடப் போகிறீர்களா? எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் நாளே 'கீ கோம்பா' (கீ மடாலயம்தான்) என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் 'க'-வின் இரு பக்கமும் ஒழுங்காக நின்றால் பிழைத்தீர்கள். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒரு பக்கம் என்று சிதறும். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் இந்தப் பிரச்சினை வராது. பிரீமியரில் அமைப்புகளுக்குள் போய் எழுத்து இன்ஜினை 'சவுத் ஏசியன்' என்று மாற்ற வேண்டும். எதுவும் சரிப்படவில்லையென்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து மேலே ஒட்டிவிடுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், கனமாக வேண்டுமென்றால் பாலூ தம்பி. இரண்டும் இலவசம்.

அடுத்த பயணத்துக்கு முன் மூன்று கேமராவையும் ஒன்றுபோல் செட் செய்துகொண்டால் இந்தப் பதிலில் பாதி தேவைப்படாது. ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் ஹெச்டிஆர் வீடியோவை அணையுங்கள். எல்லாமே 4கே, நொடிக்கு 30. ஐபோனே தன் அமைப்புகளில் கணக்குச் சொல்கிறது: 4கே 30-க்கு நிமிடம் 170 எம்பி, 4கே 60-க்கு 400 எம்பி. வீட்டு டிவிக்கு 60 வீண். கோப்ரோவில் விளக்கின் மினுமினுப்பைத் தடுக்கும் 'ஆன்டி ஃப்ளிக்கர்' 50 ஹெர்ட்ஸில் இருந்தால் 30 என்ற எண்ணே வராது, 25 தான் காட்டும். நம் ஊர் டியூப்லைட்டுக்கு அது சரி, ஆனால் 30-இல் எடுத்த போனோடு சேர்த்தால் ஐந்து படத்துக்கு ஒன்று இரட்டித்து, கேமரா திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி ஓடும். மலைக்குப் போகும்போது அதை 60 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளன்று போன் கடிகாரத்தைக் கோப்ரோவால் ஐந்து விநாடி படம் பிடித்து வையுங்கள். கோப்ரோ நேரம் தப்பாக இருந்தாலும் எத்தனை நிமிடம் தப்பு என்று பின்னால் தெரியும். கோப்ரோவின் மெமரி கார்டில் வி30 (எழுதும் வேகத்துக்கான குறி) முத்திரை இருக்கட்டும். போலி கார்டுகள் சந்தையில் ஏராளம், வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை சோதியுங்கள். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு கேபிளில் மாற்றுங்கள். ஐபோனில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்தால் பாதியில் நிற்கும் தொல்லை குறையும்.

இளையராஜா பாட்டைப் பின்னணியில் போட்டு வீட்டுக்குள் பார்ப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். ஏற்றுவதாக இருந்தால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். அதைவிட, ஸ்பிட்டியின் காஸா ஊர்க் கடைத்தெருச் சத்தத்தையும் ஓடைச் சத்தத்தையும் அப்படியே விடுங்கள் என்பது என் கட்சி.

படம் முடிந்து வெளியே எடுக்கும்போது 1080பி, ஹெச்.264, நொடிக்கு 30 படம், 12 மெகாபிட். எடிட் செய்தது 4கே ஆக இருந்தாலும் உறவினர் வீடுகளுக்குப் போகும் பிரதி இதுவாக இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு 1.8 ஜிபி வரும். பழைய பென்டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும், 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. இது ஏறும். வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை கோப்பு போகும், அதிலும் இது அடங்கும். ஆனால் 'வீடியோ' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அது தன் பங்குக்கு நசுக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். 4கே பிரதி ஒன்றை வெளி எஸ்எஸ்டியில் வையுங்கள், கழித்த பிறகு மிஞ்சிய அசல் கிளிப்புகளோடு சேர்த்து இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். நீங்கள் லேப்டாப்பிலிருந்து கழற்றப் போகிறீர்களே அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதற்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் அந்த இன்னொரு நகலுக்கு அதுவே ஆகும்.